மணல் அள்ளிய கைகள்

பிரான்சிஸ் இங்கானூ என்ற பெயரைச் சங்கத்துப் பெரியவர்களில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். வீட்டிலிருக்கும் பதினைந்து வயதுப் பேரனைக் கேட்டால் உடனே சொல்லிவிடுவான். ஆறடி நான்கு அங்குல உயரமும் 115 கிலோவுக்கு மேற்பட்ட எடையும் கொண்ட ஆபிரிக்கர் அவர். எட்டுப் பக்கக் கூண்டுக்குள் நடைபெறும் கலப்புச் சண்டைப் போட்டியில் 2021ஆம் ஆண்டு அதிபார எடைப் பிரிவின் உலக வீரராக முடிசூடியவர். அவருடைய கையின் வேகத்தைப் பற்றிப் பிள்ளைகள் கதை கதையாகச் சொல்வார்கள். ஆனால் அந்தக் கைகள் எங்கிருந்து வந்தன, எதை எதை வேண்டாம் என்று தள்ளின என்பதை அறிந்தவர் குறைவு. பிறந்த மண்ணை விட்டு வந்து வேற்று நாட்டில் வேரூன்றிய குடும்பங்கள் அறிந்துகொள்ள வேண்டிய பகுதி அதுவே.

சண்டையும் சட்டமும்

முதலில் இந்த விளையாட்டைப் பற்றிச் சில வார்த்தைகள். குத்துச்சண்டை, மல்யுத்தம், ஜூடோ, தாய்லாந்துக் குத்துச்சண்டை, பிரேசில் நாட்டு ஜியூ-ஜிட்சு ஆகிய பல கலைகளின் முறைகளை ஒரே களத்தில் பயன்படுத்த இடமளிப்பதால் இதற்குக் கலப்புத் தற்காப்புக் கலை என்று பெயர். யூ.எப்.சி. என்னும் நிறுவனம் இதன் முதற் போட்டியை 1993ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்காவின் டென்வர் நகரில் நடத்தியது. அக்காலத்தில் எடைப்பிரிவும் இல்லை, விதிகளும் மிகக் குறைவு. செனட்டர் ஜோன் மக்கேன் இதனை மனிதர்களை வைத்து நடத்தும் சேவற்சண்டை என்று கண்டித்தார். பல மாநிலங்கள் தடை விதித்தன.

பின்னர் நிலைமை மாறியது. கண்ணைக் குத்துதல், கடித்தல், தலையால் மோதுதல், தொண்டையிலும் பிடரியிலும் தாக்குதல் முதலியவை தடுக்கப்பட்டன. ஐந்து நிமிடச் சுற்றுகள் வகுக்கப்பட்டன. சாதாரண போட்டிக்கு 3 சுற்று, பட்டப் போட்டிக்கு 5 சுற்று. நடுவரும் வைத்தியரும் எந்நேரமும் போட்டியை நிறுத்தலாம். நியூயோர்க் மாநிலம் 2016இலும் பிரான்ஸ் நாடு 2020இலும் இதற்கு அனுமதி வழங்கின. இத்தனைக்குப் பின்னரும் இது அபாயம் நிறைந்த விளையாட்டே. தலையில் அடி வாங்குவதால் வரும் கேடு குத்துச்சண்டையைப் போலவே இதிலும் உண்டு. அதை மறைத்துப் பேசுவது பிள்ளைகளுக்குச் செய்யும் நன்மையாகாது.

பாத்தியே கிராமத்துச் சிறுவன்

இங்கானூ 1986ஆம் ஆண்டு செப்டெம்பர் 5ஆம் திகதி கமரூன் நாட்டின் மேற்குப் பகுதியிலுள்ள பாத்தியே என்னும் மலைப்பாங்கான ஊரில் பிறந்தார். ஆறு வயதாக இருக்கும்போது தாயும் தந்தையும் பிரிந்துவிட்டனர். பிள்ளைகள் உறவினர் வீடுகளில் வளர நேர்ந்தது. கொப்பியும் பேனையும் வாங்க வழியில்லாத வறுமை. பள்ளிப் படிப்பு நிலைக்கவில்லை.

பத்து வயதளவில் அவர் மணற்குழியில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே இயந்திரம் கிடையாது. மண்வெட்டியால் மணலை வெட்டி, அள்ளி, லொறியில் ஏற்ற வேண்டும். பெரியவர்களே களைத்துப்போகும் அந்த வேலையைச் சிறுவன் ஒருவன் செய்தான். இன்று அவருடைய தோள்களைப் பார்த்து வியப்பவர்கள், அவை உடற்பயிற்சிக்கூடத்தில் உருவானவை அல்ல என்பதை நினைவில் வைத்திருப்பது நல்லது. அவரே பிற்காலத்தில் இந்த மணற்குழி வாழ்க்கையைப் பெருமையாகவும் பேசவில்லை, மறைக்கவும் இல்லை. பிள்ளைகள் எவருக்கும் வரக்கூடாத நிலை அது என்றே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

அவருடைய தந்தைக்கு ஊரில் ஒரு பெயர் இருந்தது, ஆனால் அது நல்ல பெயர் அன்று. தெருச்சண்டைக்காரர் என்று எல்லோரும் அறிவார்கள். உடல்வாகு தந்தையைப் போலவே அமைந்துவிட்ட மகனைப் பார்த்து, இவனும் அப்படித்தான் வருவான் என்று ஊர் எதிர்பார்த்தது. உள்ளூர்ச் சண்டைக் கும்பல்கள் அவரைத் தங்களோடு சேர அழைத்தன. அவர் மறுத்துவிட்டார். தந்தையிடமிருந்து வந்த பலத்தை வைத்துக்கொண்டு தந்தை தொலைத்த மதிப்பை மீட்க வேண்டும் என்பதே அவர் எண்ணமாக இருந்தது. கைகளால் சம்பாதிக்கக்கூடிய கௌரவமான தொழில் என்று அவர் கண்டது குத்துச்சண்டை. அமெரிக்காவின் மைக் டைசன் அவருக்கு ஆதர்சம்.

ஆனால் முறையான பயிற்சியைத் தொடங்கியபோது வயது 22 ஆகிவிட்டது. வீட்டாருக்கும் விருப்பமில்லை. ஓராண்டு கழித்து நோய் வந்து அந்தப் பயிற்சியும் நின்றது. கிடைத்த வேலையைச் செய்து நாள் ஓடியது. இருபத்தைந்து வயதைத் தாண்டிய பின்னர், இங்கேயே இருந்தால் எதுவும் நடக்காது என்று தீர்மானித்து, 2012ஆம் ஆண்டு ஐரோப்பாவை நோக்கிப் புறப்பட்டார். கையில் விசாவும் இல்லை, விமானச் சீட்டும் இல்லை.

பாலைவனமும் முட்கம்பியும்

கமரூனிலிருந்து நைஜீரியா, நைஜர், அல்ஜீரியா, மொரோக்கோ. தேசப்படத்தில் விரலால் இழுத்தால் இந்தப் பாதை ஒரு சாண் வரும். அவருக்கு அது ஏறத்தாழ 14 மாதங்கள் எடுத்தது. நடுவில் சகாரா பாலைவனம். ஆட்களைக் கடத்துபவர்கள் வாகனத்தின் பின்புறத்தில் இடுக்கி இடுக்கி ஏற்றிச் செல்வார்கள். விழுந்தவனுக்காக வாகனம் நிற்காது. இருக்கும் பணத்தையும் வழியில் பறித்துவிடுவார்கள்.

மொரோக்கோவை அடைந்த பின்னரும் துன்பம் தீரவில்லை. ஆபிரிக்கக் கரையிலேயே ஸ்பெயினுக்குச் சொந்தமான மெலில்லா என்றொரு நகரம் உண்டு. அதைச் சுற்றி உயர்ந்த முட்கம்பி வேலி. ஏற முயன்றபோது கம்பி உடலைக் கிழித்த தழும்பு அவரிடம் இன்றும் இருக்கிறது. கடல் வழியே காற்றடைத்த சிறு படகில் போகவும் முயன்றார். மீண்டும் மீண்டும் பிடிபட்டார். ஒவ்வொரு முறையும் பிடித்தவர்கள் கொண்டுபோய்ப் பாலைவன ஓரத்தில் விட்டுவிடுவார்கள். அங்கிருந்து திரும்பி வந்து மறுபடி தொடங்க வேண்டும். காட்டில் படுக்கை, சந்தையில் எறிந்த மரக்கறியில் உணவு. இப்படியே ஏறத்தாழ ஓராண்டு கழிந்தது.

கடைசியில் ஸ்பெயினை அடைந்தபோது அங்கே காத்திருந்தது சிறை. சட்டவிரோதமாக நுழைந்த குற்றத்துக்காக இரண்டு மாதம் அடைத்து வைத்திருந்து, பின்னர் விட்டார்கள். 2013ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அவர் பாரிஸ் வந்து சேர்ந்தார். தெரிந்தவர் ஒருவரும் இல்லை. வாகனத் தரிப்பிடம் ஒன்றில் படுத்து உறங்கினார். அந்த நிலையிலும் அவர் விசாரித்துத் திரிந்தது வேலையையோ தங்குமிடத்தையோ அல்ல, குத்துச்சண்டை பழகும் இடத்தைத்தான்.

எல்லைகளைக் கடந்து வந்தவர்களுக்கும் அப்படி வந்தவர்களின் பிள்ளைகளுக்கும் இந்தப் பாதையை விளக்கத் தேவையில்லை. வந்து சேராதவர்களின் கணக்கு இதைவிடப் பெரியது என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

ஆசிரியர் கண்ட வித்தை

பாரிஸில் எம்.எம்.ஏ. பெக்டரி என்ற பயிற்சிக்கூடத்தை நடத்தியவர் பெர்னாண்ட் லோப்பேஸ். அவரும் கமரூனில் பிறந்தவர். இங்கானூவைப் பார்த்த மாத்திரத்தில் இவரிடம் இருப்பது சாதாரண பலம் அல்ல என்று உணர்ந்தார். குத்துச்சண்டை மட்டுமே வேண்டும் என்று வந்தவரிடம், கலப்புச் சண்டையே உனக்கு ஏற்றது என்று எடுத்துச் சொன்னார். இங்கானூ அதுவரை அந்த விளையாட்டை அறிந்தவரல்லர். தன் பலம் தனக்குத் தெரியாதிருந்த அனுமனுக்கு ஜாம்பவான் சொல்லிக் கொடுத்ததுபோல் என்று சொல்லலாம். லோப்பேஸ் உடைகளும் கையுறைகளும் கொடுத்தார். பணம் வாங்காமல் பழக்கினார். இரவில் பயிற்சிக்கூடத்திலேயே தூங்கவும் அனுமதித்தார்.

அதே ஆண்டு நவம்பரில் இங்கானூ முதற் போட்டியில் இறங்கினார். இரண்டு ஆண்டுகளில், 2015 டிசம்பரில், யூ.எப்.சி.யில் நுழைந்து, முதற் போட்டியிலேயே எதிராளியை இரண்டாம் சுற்றில் வீழ்த்தினார். 2017 டிசம்பரில் அனுபவம் மிக்க நெதர்லாந்து வீரர் அலிஸ்டயர் ஓவரீமை அவர் ஒரே குத்தில் சாய்த்த காட்சி உலகம் முழுவதும் ஓடியது. வெல்லவே முடியாதவர் என்ற பேச்சு எழுந்தது.

அந்தப் பேச்சு ஒன்றரை மாதம் மட்டுமே நிலைத்தது. 2018 ஜனவரி 20ஆம் திகதி பொஸ்டன் நகரில் நடந்த பட்டப் போட்டியில் அவருக்கு எதிரே நின்றவர் ஸ்டீப்பே மியோச்சிச். ஒகாயோ மாநிலத்தில் தீயணைப்புப் படையிலும் வேலை செய்துகொண்டே உலகப் பட்டம் வைத்திருந்தவர் அவர். இங்கானூவின் குத்துகளுக்கு அகப்படாமல் விலகி, இடுப்பைப் பிடித்து மீண்டும் மீண்டும் தரையில் சாய்த்தார். முதற் சுற்றிலேயே பலத்தை எல்லாம் கொட்டிவிட்ட இங்கானூ மூச்சுத் திணறினார். மூன்று நடுவர்களும் ஒரே முடிவாக 50-44 என்று மியோச்சிச்சுக்குத் தீர்ப்பளித்தனர்.

அதைவிடக் கொடுமை அந்த ஆண்டு ஜூலையில் நேர்ந்தது. டெரிக் லூயிஸ் என்பவரோடு மோதியபோது இங்கானூ கையை நீட்டவே தயங்கினார். மூன்று சுற்றும் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றனர். சபையோர் கூச்சலிட்டுக் கேலி செய்தனர். தோல்வி இங்கானூவுக்கு. முந்திய தோல்வியின் பயத்தை இந்தக் களத்துக்கும் சுமந்து வந்துவிட்டதாக அவரே பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். பலசாலி ஒருவர் பயந்துவிட்டேன் என்று சொல்வது இந்தத் தொழிலில் அபூர்வம்.

2 நிமிடம் 42 விநாடி

அதற்குப் பின்னர் நடந்தது சரித்திரம். 2018 நவம்பரில் பெய்ஜிங்கில் கேர்ட்டிஸ் பிளேய்ட்சை 45 விநாடிகளில் வென்றார். 2019 பெப்ரவரியில் முன்னாள் உலக வீரர் கெயின் வெலாஸ்கெசை 26 விநாடிகளில், ஜூனில் இன்னொரு முன்னாள் உலக வீரரான ஜூனியர் டொஸ் சாந்தோசை 71 விநாடிகளில், 2020 மே மாதம் ஜைர்சின்ஹோ ரோசன்ஸ்ட்ரைக்கை 20 விநாடிகளில் வென்றார். நான்கு போட்டிக்கும் சேர்த்து 2 நிமிடம் 42 விநாடி. ஒரு சுற்றின் நேரத்தில் பாதியளவே.

ஆனால் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் அவர் அமைதியாகப் பழகிக்கொண்டிருந்தது குத்துவதை அல்ல. மியோச்சிச் தம்மை எப்படி வென்றாரோ அந்தக் கலையைத்தான். தரையில் சாய்க்க வருபவரை எப்படித் தடுப்பது, மூச்சை எப்படிச் சேமிப்பது, எப்போது காத்திருப்பது என்பவற்றைக் கற்றார். 2021 மார்ச் 27ஆம் திகதி இருவரும் மீண்டும் மோதினர். மியோச்சிச் காலைப் பிடிக்க வந்தபோது இங்கானூ அசையவில்லை. அவசரப்படவும் இல்லை. இரண்டாம் சுற்றின் 52ஆவது விநாடியில் போட்டி முடிந்தது. ஆபிரிக்காவில் பிறந்து யூ.எப்.சி. பட்டம் வென்ற மூன்றாவது வீரர் அவர். நைஜீரியாவில் பிறந்த கமாரு உஸ்மானும் இஸ்ரேல் அடெசான்யாவும் அவருக்கு முன்னோடிகள்.

பட்டத்தோடு அவர் ஊருக்குப் போனார். பாத்தியேயில் தாம் வேலை செய்த மணற்குழியில் இறங்கி மண்வெட்டியை எடுத்து மணல் அள்ளினார். தம் பெயரால் அமைத்த அறக்கட்டளையின் மூலம் அவ்வூர்ப் பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சிக்கூடமும் திறந்திருக்கிறார்.

2022 ஜனவரி 22ஆம் திகதி பட்டத்தைக் காக்க இறங்கியபோது எதிரே இருந்தவர் பிரான்ஸ் வீரர் சிரில் கான். அவருடைய ஆசிரியர் வேறு யாருமல்லர், லோப்பேஸ்தான். ஆசிரியரும் மாணவரும் அதற்கு முன்னரே பிரிந்துவிட்டிருந்தனர். முழங்காலின் தசைநார் கிழிந்த நிலையில் இங்கானூ களமிறங்கியிருந்தார். முதல் இரண்டு சுற்றும் கானுக்கே சென்றன. மூன்றாம் சுற்றில் எவரும் எதிர்பாராதது நடந்தது. குத்துக்குப் பெயர் பெற்றவர் குனிந்து எதிராளியைத் தூக்கித் தரையில் சாய்த்தார். மல்யுத்தத்தால் தோற்றவர் மல்யுத்தத்தாலேயே பட்டத்தைக் காத்துக்கொண்டார்.

கையொப்பமிடாத கை

இங்கேதான் அவருடைய வாழ்க்கையின் மிகப் பெரிய போட்டி தொடங்கியது. அது கூண்டுக்குள் நடக்கவில்லை.

கான் போட்டிக்கு அவருக்கு அறிவிக்கப்பட்ட ஊதியம் 6 இலட்சம் டொலர். சாதாரணமானவருக்கு அது பெருந்தொகை. ஆனால் அதே காலத்தில் குத்துச்சண்டையின் அதிபார எடை வீரர்கள் ஒரு போட்டிக்குப் பல மில்லியன் டொலர் பெற்றுக்கொண்டிருந்தனர். இந்த வேறுபாட்டுக்குக் காரணம் உண்டு. குத்துச்சண்டை வீரர்களின் ஒப்பந்த உரிமைகளைப் பாதுகாக்க, முகமது அலியின் பெயரால் அமெரிக்கா 2000ஆம் ஆண்டு ஒரு சட்டம் இயற்றியது. கலப்புச் சண்டைக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. வீரர்களுக்குத் தொழிற்சங்கம் கிடையாது. சட்டப்படி அவர்கள் ஊழியர்களும் அல்லர், தனித்தனி ஒப்பந்தக்காரர்கள். பட்டம் வென்றவரின் ஒப்பந்தம் தானாகவே நீளும் வகையில் விதியும் இருந்தது. முன்னாள் வீரர்கள் சிலர் இந்த முறைகளை எதிர்த்து 2014இல் தொடுத்த வழக்கில், 37.5 கோடி டொலர் கொடுத்து முடித்துக்கொள்ள யூ.எப்.சி. நிறுவனம் இணங்கியது. நீதிமன்றம் 2025 பெப்ரவரியில் அதற்கு இறுதி அனுமதி வழங்கியது.

இங்கானூ புதிய ஒப்பந்தத்தில் பணத்தை மட்டும் கேட்கவில்லை. வீரர்களுக்கு மருத்துவக் காப்புறுதி வேண்டும், சொந்தமாக விளம்பர ஆதரவாளர்களைத் தேடும் உரிமை வேண்டும், நிர்வாகக் கூட்டங்களில் வீரர்களின் சார்பில் பேச ஒருவர் இருக்க வேண்டும், குத்துச்சண்டையில் கலந்துகொள்ளத் தமக்கு அனுமதி வேண்டும் என்றார். தமக்கு மட்டும் கேட்டிருந்தால் ஒருவேளை இணக்கம் வந்திருக்கலாம். மற்றவர்களுக்கும் சேர்த்துக் கேட்டார். உடன்பாடு ஏற்படவில்லை. மற்றவர்களுக்கு எதிராகப் போகாத நேரம் அவருக்கு எதிராக ஓடியது. வயது 35ஐத் தாண்டியிருந்தது. முழங்காலுக்குச் சத்திரசிகிச்சை நடந்திருந்தது. ஒப்பந்தம் முடியும்வரை அவர் ஓராண்டு பொறுத்திருந்தார். 2023 ஜனவரியில் நிறுவனம் அவரை விடுவித்துப் பட்டத்தையும் எடுத்துக்கொண்டது.

அறிந்தவர்கள் பலர் அவரை மூடர் என்றனர். நோயாளிக் காலும் கூடிய வயதும் உள்ளவர் உலகின் பெரிய நிறுவனத்தை விட்டு வெளியே வந்து என்ன செய்யப்போகிறார் என்று கேட்டனர். மே மாதம் அவர் பி.எப்.எல். என்னும் போட்டி நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தார். ஆபிரிக்காவில் போட்டிகளை வளர்க்கும் பொறுப்பும் அதில் சேர்ந்திருந்தது. இன்னொரு நிபந்தனையும் இருந்தது. தம்மோடு மோத வரும் எதிராளிக்குக் குறைந்தது 20 இலட்சம் டொலர் கொடுக்க வேண்டும் என்பது அது. தம்மை அடிக்க வருபவரின் கூலிக்காக வாதாடிய வீரர் வேறு எவரும் இருந்தாரா என்று தேடித்தான் பார்க்க வேண்டும்.

வெற்றியும் இழப்பும்

குத்துச்சண்டை வீரராக வேண்டும் என்ற சிறுவயது ஆசை 37ஆம் வயதில் நிறைவேறியது. 2023 அக்டோபர் 28ஆம் திகதி சவூதி அரேபியாவின் ரியாத் நகரில், அன்றைய உலக வீரர் டைசன் பியூரியோடு மோதினார். தொழில்முறைக் குத்துச்சண்டையில் அது அவருக்கு முதற் போட்டி. வேடிக்கைப் போட்டி என்று நினைத்தவர்கள் மூன்றாம் சுற்றில் பியூரி தரையில் விழுந்ததைக் கண்டு திகைத்தனர். பத்துச் சுற்றும் முடிந்தபோது மூன்று நடுவர்களில் ஒருவர் இங்கானூவுக்கும் இருவர் பியூரிக்கும் தீர்ப்பளித்தனர். தோற்றும் தலைநிமிர்ந்து வந்தார்.

2024 மார்ச்சில் பிரித்தானிய வீரர் அந்தனி ஜோஷுவாவிடம் இரண்டாம் சுற்றிலேயே முற்றாக வீழ்ந்தார். அந்த வலி ஆறுமுன்னே, ஏப்ரலில் அவருடைய 15 மாத ஆண் குழந்தை இறந்துபோனது. பாலைவனத்தையும் சிறையையும் கடந்தவருக்கு அந்த நாட்களைக் கடப்பது கடினமாக இருந்தது. இனி எதற்காகச் சண்டையிடுவது என்று தயங்கினார். பின்னர் மகனுக்காகவே மீண்டும் களமிறங்கத் தீர்மானித்தார். அக்டோபர் 19ஆம் திகதி ரியாத்தில், தம்மைவிட உயரமான பிரேசில் வீரர் ரெனான் பெரெய்ராவை முதற் சுற்றிலேயே வென்று, அந்த வெற்றியை மகனுக்குச் சமர்ப்பித்துக் கண்ணீர்விட்டார்.

இளைஞர்களுக்கு

இக்கதையைப் படிக்கும் பிள்ளைகள் எல்லோரும் கூண்டுக்குள் இறங்க வேண்டியதில்லை. பெற்றோர் அஞ்சவும் வேண்டியதில்லை. இங்கானூவின் குத்து அவருக்கு இயற்கை கொடுத்த வரம், பிறர் பழகிப் பெறுவது கடினம். ஆனால் அவர் மறுத்தவற்றை எவரும் மறுக்கலாம். கும்பல் அழைத்தபோது மறுத்தார். தந்தையின் கெட்ட பெயரே தமக்கும் விதி என்பதை மறுத்தார். தோல்விக்குப் பின் தம் குறையை மறைக்க மறுத்து, அதையே கற்றுக்கொண்டார். பெரும் பணம் மேசையில் கிடந்தபோது, பிடிக்காத தாளில் கையொப்பமிட மறுத்தார். ஒவ்வொரு மறுப்புக்கும் விலை இருந்தது. பாதுகாப்பையும் காலத்தையும், கடைசியில் உலகப் பட்டத்தையும் அவர் விலையாகக் கொடுத்தார்.

பேரனோடு உட்கார்ந்து அவருடைய போட்டி ஒன்றைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால், பெரியவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் சற்றுப் பார்க்கலாம். முடிந்தபின் மணற்குழியின் கதையைப் பிள்ளைக்குச் சொல்லலாம். கூடவே, தாங்கள் கடந்து வந்த எல்லைகளின் கதையையும் சொல்லலாம். அதைக் கேட்காமலே வளர்ந்த பிள்ளைகள் நம்மிடையே பலர்.